பஞ்சோடு போன வீரன்

அந்தப் பழைய கிரேக்கக் கதை ஓவியத்தில் ஒரு பெண்ணைப் பாறையில் கட்டியிருந்தார்கள். கீழே கடல்மிருகம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மேலே சிறகுக் குதிரையில் ஒரு வீரன் வாளோடு பாய்ந்துகொண்டிருந்தான்.

ஓவியத்தைச் சுத்தம் செய்ய வந்தவர், வீரனைப் பிற்காலத்தில் வேறு யாரோ வரைந்து சேர்த்திருப்பதைக் கண்டுபிடித்தார். பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். முதலில் வாள் போயிற்று. சாயங்காலத்துக்குள் குதிரையும் போய்விட்டது.

"இனிமே எனக்கு யார் இருக்கா?" என்று பெண் நடுங்கினாள்.

"இத்தனை காலத்துல அவன் ஒரு அடி நகர்ந்திருப்பானா? உன்னைத் தின்னாம இருந்தது நான்தானே" என்றது மிருகம்.

அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அப்படின்னா அந்த வாயை மூடேன்."

"அவன் வர்றதுக்கு முன்னாடியிருந்தே அதுக்குத்தான் பாடுபடறேன்" என்றது மிருகம்.