தண்ணீர் வராத வீடியோ

"மேலப் பாலத்தத் தாண்டிருச்சாம், ஓடி வாங்கடி!"

ஞாயிறு பூசை முடிந்து நேரே வந்திருந்த ஜாஸ்லின் கத்திக்கொண்டே கரைக்கு ஓடினாள். ஜஸீலா தன் போனை என் கையில் திணித்தாள்.

கல்லணையில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் தெருவை ஒட்டிப் போகும் புது ஆற்றுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் தலை வந்து சேர்வது வருடத்தில் ஒரே ஒரு முறைதான். தவறவிட்டால் அடுத்த ஜூன்.

எங்கள் தெருவைப் பற்றி நாங்கள் மூவரும் வீடியோ போடுகிறோம். தஞ்சாவூர் என்றாலே எல்லோரும் பெரிய கோயிலைத்தான் எடுக்கிறார்கள். அதனால் ஜாஸ்லின் ஒரு விதி வைத்திருந்தாள். குழாயடிச் சண்டை வரலாம், பரோட்டாக் கல் வரலாம், கோபுரம் மட்டும் வரக்கூடாது.

ஜாஸ்லின் பேசுவாள். ஜஸீலா வெட்டி ஒட்டுவாள். நான் எடுப்பேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, ஆனால் கை நடுங்காது.

"ஆடாம புடி, பிரகதி. ரீடேக் கேட்டா ஆறு திரும்பிப் போவாது" என்றாள் ஜஸீலா.

கரையில் தெருவே நின்றது. அப்பாவும் லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு எங்காவது நிற்கலாம். நான் தேடவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அப்பா என்னிடம் நேராகப் பேசுவதில்லை. அதுவரை வாய்க்கு வாய் 'பாப்பா'தான். இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அம்மாவிடம் சொல்வார்: "அவள சாப்புடச் சொல்லு."

இன்று காலைகூட அப்படித்தான். "படிப்ப விட்டவளுக்கு வீடியோ ஒரு கேடான்னு கேளு."

அம்மா கேட்கவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

முதலில் வந்தது தண்ணீர் இல்லை. நாய்கள் வந்தன. ஆற்றுக்குள் நட்டிருந்த கிரிக்கெட் ஸ்டம்பைத் தாண்டி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடின.

பிறகு ஓணான்கள் சிமெண்டுச் சரிவில் ஏறின.

பிறகு நனைந்த புழுதியின் வாசனை. காய்ந்த சருகை யாரோ கோரைப்பாயில் போட்டு இழுத்து வருவதுபோல ஒரு சத்தம்.

பிறகு வளைவில் அது தெரிந்தது.

இதுவரை தண்ணீர் வந்ததெல்லாம் பள்ளி நாளில்தான்; அப்போது நான் வகுப்பில் இருந்திருக்கிறேன். மாலையில் வந்து பார்த்தால் எப்போதுமே ஓடிக்கொண்டிருந்ததுபோல ஆறு ஓடிக்கொண்டிருக்கும். அது வருவதைப் பார்த்ததே இல்லை.

அலை அடித்துக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன்.

தவழ்ந்து வந்தது.

நுரை, சருகு, தெர்மாக்கோல், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு குழி வந்தால் நின்றது. குழி நிறையும்வரை பொறுத்திருந்தது. பிறகு புறப்பட்டது. பின்னால் ஒரு ஆறு முழுவதும் காத்து நிற்க, முன்னால் வருவது ஒரு சின்னக் குழிக்காக நின்றது.

ஸ்டம்பைச் சுற்றிக்கொண்டது. எதிரே கிடந்த செங்கல்லைத் தொட்டது. ஏறியது. செங்கல் இல்லை.

பெண்கள் குலவையிட்டார்கள். பையன்கள் விசிலடித்தார்கள். யாரோ நெல்லும் பூவும் தூவினார்கள். கரை முழுவதும் கைகள் குவிந்தன.

மனப்பாடம் செய்து வந்திருந்த எதையும் ஜாஸ்லின் பேசவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரையிலிருந்து எப்போது கண்ணை எடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு நிறைந்த பிறகு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். நாய்கள் வந்தன. ஓணான் வந்தது. வளைவில் நுரை தெரிந்தது. உடனே படம் சரிந்து, வானம் வந்து, கரைப்பக்கம் திரும்பி நின்றது.

தண்ணீர் இல்லை.

ஜஸீலா தலையில் அடித்துக்கொண்டாள். "போனோட சேத்தாடி கும்பிட்ட, லூசு!"

குவித்த கைகளுக்கு நடுவில் போனை வைத்திருந்திருக்கிறேன். விரல்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த லென்ஸ் ஆற்றைப் பார்க்காமல், பக்கவாட்டில் கரையைப் பார்த்திருக்கிறது.

ஒரு வருடம் போயிற்று. என்னால் தலை நிமிர முடியவில்லை.

"இருடி, நிறுத்தாத" என்றாள் ஜாஸ்லின்.

திரையில் எங்கள் தெரு நின்றது. பரோட்டா மாஸ்டர் மாவு ஒட்டிய கையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். குழாயடியில் முகம் பார்க்காத இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிக் குலவையிட்டார்கள். பின்னால் ஒரு மூலையில், விதியை மீறி, கோபுரம்கூடக் கொஞ்சம்.

எல்லா முகங்களும் சேர்ந்து, மெல்ல, வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொண்டிருந்தன. நடுவில் நின்றன. மறுபடி திரும்பின. தண்ணீர் எந்தக் குழிக்கு வந்திருக்கிறது என்று முகங்களைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

ஒரே ஒரு முகம் திரும்பவில்லை.

நாலைந்து பேர் தள்ளி, காக்கிச் சட்டையில், அப்பா. மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்ததுபோல அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதோ சொன்னார்.

ஜஸீலா சத்தத்தைக் கூட்டினாள். குலவையும் விசிலும் தண்ணீரும்தான் கேட்டன.

"திட்றாரோ?" என்றாள் ஜாஸ்லின்.

போனை வாங்கிச் சத்தத்தை முழுவதும் நிறுத்தினேன். மறுபடி ஓட்டினேன்.

'தண்ணி' என்று சொன்னால் உதடு ஒட்டாது. 'அவ' என்று சொன்னாலும் ஒட்டாது.

அப்பாவின் உதடுகள், முன்பெல்லாம் என்னைக் கூப்பிடும்போதுபோல, இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தன.