நீளக் கை

ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் பாதி எழுத்தில் மறுபடி நிற்கிறது. வண்டியில் பெயர் ஒட்டக் காத்திருக்கும் வேன் ஓட்டுநர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். வினைல் சுருளை இழுத்துவிடக் கணவர் கை வைத்தாலே சுரீரென்று ஒரு பொறி. கணினியோடு இணைப்பு போய்விடுகிறது. "கேபிள்தான் சொதப்புது," என்று இன்னொன்றை மாட்டுகிறார். எர்த் ஒயரைக்கூட முறுக்கிவிட்டாயிற்று. வெட்டிய எழுத்துகளின் ஓரங்களை ஊசியால் உரித்தபடி மனைவி அவரையே பார்க்கிறாள். பிரித்துப் பிரித்துப் பின்னி நேற்றுதான் அவள் முடித்துக் கொடுத்த ஸ்வெட்டர், வறண்ட காற்றில் அவர் அசையும்போதெல்லாம் படபடவென்று பொரிகிறது. அதற்கு ஒரு கை குட்டை, மறு கை நீளம். "எல்லாத்தையும் மாத்தியாச்சு. அந்த நைலான் ஸ்வெட்டர கழட்டுங்களேன், அதுலதான் ஷாக்கே வருது." "அதெல்லாம் இல்ல. எனக்குக் குளிருது," என்கிறார், அந்த நீளக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.