தாண்டுகுழி மணல்

ஒலிம்பிக் மைதானத்துக்கு முப்பது வயதானதைக் கொண்டாட, நீளம் தாண்டுதலில் ஒரு வீராங்கனை உலக சாதனை படைத்த குழியின் மணலைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். அங்கங்கே கிழிந்த சல்லடையில் அதைச் சலித்தவன் லூர்துசாமி. சல்லடையில் தங்கிய எலும்பையும் பல்லையும் யாருக்கும் காட்டாமல் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முப்பது வருஷத்துக்கு முன், போட்டிக்கு வெளிநாட்டார் வருமுன் ஊர்த் தெருநாய்களுக்கெல்லாம் விஷச்சோறு வைத்து, லாரி லாரியாக இங்கே பள்ளத்தில் கொட்டி மூடியவர்களில் அவனும் ஒருவன். அதன் மேல்தான் தாண்டுகுழி. அந்த விஷச்சோற்று வாடை இன்றும் அவன் சோற்றில் கை வைத்தால் எழுந்து வரும். மைதானத்தின் வரலாறு என்று வாசலில் மாட்டிய பலகையில் மந்திரிகள் உண்டு, பதக்கங்கள் உண்டு, நாய்கள் இல்லை.

குப்பி வாங்கிய ஒரு தாய் செருப்பைக் கழற்றிவிட்டு, மணலைத் திருநீறுபோல் ஆறு வயது மகளின் நெற்றியில் பூசினாள். மிச்சத்தைச் சிறுமியின் வாயில் போட்டாள்.

"முழுங்கிரு தங்கம். நீயும் அவங்கள மாதிரி தாண்டணும்."

லூர்துசாமி கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "வேணாம்மா, அது..."

கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

"...அது வெறும் மண்ணும்மா" என்று முடித்தான்.

சிறுமி எதையோ கடித்துத் துப்பினாள். தாயின் உள்ளங்கையில் ஒரு சின்னப் பல்.

"ஐயோ, மொதப் பல்லு! இந்த மண்ணுலயே விழுந்திருச்சே!"

கூட்டம் கைதட்டியது. விழுந்த பல்லை வழக்கப்படி பொதிந்து எறியச் சாணிக்கு எங்கே போவது? தாய் அதை அப்படியே மைதானக் கூரைமேல் வீசினாள்.

சிறுமி வாய்க்குள் நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எல்லாப் பல்லும் இருக்கும்மா."