சம்மட்டிக் கை

"கல்லை உடைக்காதீங்க பெரியவரே. பந்து உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

கோல்ஃப் மாஸ்டர் கிழவரின் வலது கையைத் தட்டிவிட்டார். மட்டையை ஓங்கும்போது அந்தக் கை பிடியை விட்டு நடுத்தண்டுக்குப் போய்விடும். இறக்கும்போது சறுக்கிக்கொண்டு வந்து இடது கையோடு சேரும். முப்பத்தெட்டு வருஷம் கல்குவாரியில் சம்மட்டி அடித்த கை, அதற்கு வேறு வழி தெரியாது.

மாஸ்டர் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை கிழித்து, இரண்டு கைகளையும் மட்டையோடு சேர்த்துக் கட்டினார். "இப்ப ஓங்குங்க பாப்போம்."

"கைதி மாதிரி இருக்கு மாஸ்டர்."

"ஆயுள் தண்டனை. அடிங்க."

பந்து எண்பது கஜப் பலகைக்கு முன்னாலேயே விழுந்து உருண்டது. கிழவர் அடுத்த பந்தை எடுத்து வைத்தார்.

பயிற்சி மைதானத்தின் சுற்றுச்சுவர் சரிந்தபோது கல் அடுக்க வந்தவர் அவர். சுவர் முடிந்தது, அவர் போகவில்லை. விடியற்காலையில் மைதானம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பந்துகளைக் குனிந்து பொறுக்கிக் கூடையில் போடுவார். அதற்குக் கூலியாக, ஆள் வருவதற்கு முன் ஒரு மணி நேரம் பாடம். இரண்டு மாதமாக இப்படித்தான்.

எல்லாம் மகனுக்காக. கடல் தாண்டி வேலை பார்ப்பவன், ஆறு வருஷம் கழித்து வருகிறான். மாமனாரும் மச்சானும் கூட வருகிறார்கள். ஆனால் வீட்டுக்கு இல்லை, நாலு மணி நேரப் பயணத்தில் மலைமேல் இருக்கும் கோல்ஃப் விடுதிக்கு.

'நாலு நாளும் கோல்ஃப்தான்ப்பா. அதுல உங்களுக்கு என்ன தெரியும்? வெயில்ல சும்மா நிக்கணும்' என்று போனில் சொல்லியிருந்தான். தெரியாது என்பதால்தானே கூப்பிடவில்லை என்று கிழவர் கணக்குப் போட்டார். தெரிந்துகொண்டால் தீர்ந்தது.

"கல்யாணத்துக்கும் நீங்க போகலையா?" என்று ஒருநாள் மாஸ்டர் கேட்டார்.

"அங்கேயே முடிச்சிட்டாங்க. விசா கிடைக்காதுன்னுட்டான். அதுக்காக அப்பனை மறந்துட்டான்னு நினைக்காதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பெருசு பண்ணிக் கூடத்துல மாட்டியிருக்கான். செத்துப்போன அவங்கம்மா படத்துக்குப் பக்கத்துலேயே. ரெண்டும் ஒரே அளவு."

"பாசக்காரப் பயல்தான்."

"பின்ன? சம்பந்தி முன்னாடி ஒரே ஒரு பந்து நல்லா அடிக்கணும் மாஸ்டர். 'இவர்தான் எங்கப்பா'ன்னு அவன் வாயால சொல்லணும். அதுக்கப்புறம் இந்த மட்டை உடைஞ்சாலும் சரி."

"மட்டை என்னோடது பெரியவரே."

பயணத் திட்டத்தையும் மாஸ்டர்தான் போட்டுக் கொடுத்தார். எந்த பஸ், எங்கே மாற வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதினார். காலர் வைக்காத சட்டைக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார். தன் பழைய ஷூவையும் கொடுத்தார்; கிழவர் அதன் முனையில் காகிதம் திணித்து நடந்து பழகினார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் மாஸ்டர் ட்யூப் பட்டையை அவிழ்த்துவிட்டார். கிழவர் மூச்சை இழுத்து நின்றார், ஓங்கினார். கை பிடியை விட்டு நகரவில்லை. பந்து எழுந்து, போய்க்கொண்டே இருந்து, நூற்றைம்பது கஜப் பலகைக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப மகனுக்குப் போன் போடுங்க" என்றார் மாஸ்டர்.

"நேர்ல போய் நின்னு அசத்தலாம்னு பாத்தேன்."

"நாலு நாலு பேராத்தான் ஆட விடுவாங்க. அவங்க மூணு பேரு. நாலாவது இடத்துல வேற யாரையாவது சேர்த்துட்டா, நீங்க வெளிய நின்னு கை தட்ட வேண்டியதுதான்."

குவாரி வெடியில் பாதிக் காது போனவர் கிழவர். ஸ்பீக்கரைப் போட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அப்பா பேசுறேன். நாளைக்கு நானும் அங்க வர்றேன்டா. கோல்ஃப் கத்துக்கிட்டேன். உங்க கூட்டத்துல நாலாவது ஆளா என் பேரைப் போட்டு வை."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரல். "வேணாம்ப்பா. வராதீங்க."

"உன் மானத்தை வாங்க மாட்டேன்டா. நூத்தம்பது கஜம் தாண்டிட்டேன். வேணும்னா மாஸ்டர்கிட்ட கேளு."

"அது இல்லப்பா."

"துணிமணியா? காலர் வெச்ச சட்டை வாங்கியாச்சு, ஷூவும் இருக்கு."

மாஸ்டர் பந்துக் கூடையை நகர்த்தி வைப்பதுபோல் தள்ளிப் போனார். கிழவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பேச்சு அவங்க முன்னாடி எடுபடாதுன்னு பாக்குறியா? நான் வாயே திறக்க மாட்டேன். எங்கப்பாவுக்குப் பேச வராதுன்னு சொல்லிடு. பந்தை மட்டும் அடிச்சிட்டு வந்துடுறேன்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லியிருக்கேன்ப்பா."