முட்டியில் ஒரு தழும்பு

அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றுக்காகக் கல்லூரித் தடுப்பாட்டக்காரர்களை வீடியோவில் பார்த்துத் தேர்வு செய்வது துபாயில் ராஜீவின் வேலை. முட்டியில் பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால், எவ்வளவு நன்றாக ஆடினாலும் கழித்துவிடுவார்.

இன்று அவரே மேஜையைத் தட்டிக் கத்தினார்.

“என்னிக்கோ ஆறிப்போன தழும்பு. அதுக்காக ஆளையே தூக்கி எறிவாங்களா? உழைப்பைப் பார்க்க வேண்டாமா?”

உதவியாளர் சுஷ்மிதாவுக்கு நம்ப முடியவில்லை. “நானும் ஒரு வாரமா இதைத்தானே சார் சொல்றேன். அந்த டெக்சாஸ் பையனைச் சேர்த்துடட்டுமா?”

“எந்தப் பையன்? நான் என்னைச் சொல்றேன். விசா மெடிக்கல்ல அன்ஃபிட். சின்ன வயசுல வந்த டி.பி. தழும்பு எக்ஸ்ரேல தெரியுதாம். பெட்டியைக் கட்டச் சொல்லிட்டாங்க.”

சுஷ்மிதா கேட்டாள். “அப்ப அந்தப் பையன் சார்?”

“முட்டியில தழும்பு இருக்கில்ல? கழிச்சு விடு.”