சும்மா கிடைத்த குளிசை

விலையைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கிற ஒருவருக்கு, நெஞ்சுக் குளிசையின் விலையைச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.

என் மாமி அப்படிப்பட்டவர். மாமி என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. மருந்தைச் சும்மா கொடுக்கிற அரசாங்கக் கிளினிக்கில் அந்தக் குளிசை இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதம் வாங்கி வந்து விலையையும் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மாமி ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

"இவ்வளவு காச முழுங்குனா செமிக்குமா புள்ள?" என்று கேள்வி வேறு.

கிளினிக்கில் மாமியை வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு, மருந்து எடுக்க வரிசையில் நிற்பது நான்தான். அடுத்த முறை ஒரு வேலை செய்தேன். டவுன் பாமசியில் முதல் நாளே வாங்கி வைத்த குளிசையைக் கிளினிக்கின் காக்கி உறையில் போட்டு நீட்டினேன்.

"மாமி, கிளினிக்குக்கே இந்த மருந்து வந்திருச்சு. இனிமே சும்மாதான்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மறைக்கிறது பிழைதான் சஞ்சீவனி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா சொல்லிறாத" என்றார். இதிலிருந்து எனக்கு என்ன விளங்கும்?

மாமி ஒழுங்காகக் குடித்தார். மூச்சு வாங்குவது குறைந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது, மாமி அந்தச் சந்தோஷத்தை எங்கள் ஊர் மஹய்யாவ முழுக்கச் சொல்லித் திரியும் வரைக்கும்.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பரிமளம் பெரியம்மா எங்கள் படியேறி வந்தார். அவருக்கும் அதே நெஞ்சு வருத்தம், அதே கிளினிக். பாதிப் படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே ஏசத் தொடங்கிவிட்டார்.

"ஏன் சஞ்சீவனி, புருஷன் மாநகரசபையில இருந்தா மருந்து குடுப்பாங்க, மகன் ஆட்டோ ஓட்டுனா துண்டு குடுப்பாங்களா?"

"என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"உங்க மாமி குடிக்கிற அதே குளிசையத்தான் எனக்கும் எழுதியிருக்காங்க. மருந்துக் கவுண்டர்ல இருக்கிற அந்த றலியா புள்ள இல்லேங்குது. வெளிய வாங்கட்டாம்!" துண்டை என் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

"றலியா மிஸ் அப்படிப்பட்டவங்க இல்ல பெரியம்மா."

"உனக்கு அவ நல்லவதான். உங்களுக்குத்தான் உள்ளுக்குள்ள இருந்து எடுத்துக் குடுக்குறாளே! அத்தன பேருக்கு முன்னால நல்லா நாலு கேட்டுட்டுத்தான் வந்தேன். அழுதுருச்சு. அழட்டும்! நாளைக்குப் பெரிய டொக்டர்கிட்ட போறேன். உங்க மாமியோட உறைய எடு. சாட்சிக்கு வேணும்."

உறையைக் கொடுத்தால் ஒன்றும் அறியாத றலியா மிஸ்ஸின் வேலைக்கே வினை. உண்மையைச் சொன்னால் மாமி காதுக்குப் போகாமல் இருக்குமா? பெரியம்மாவின் வாய் கோயில் ஸ்பீக்கர் மாதிரி. இதற்குள் என் இடுப்பில் இருந்த சின்னவன் துண்டைப் பிடித்து வாயில் போடப் பார்த்தான்.

மாமி கோயிலுக்குப் போயிருந்தார். வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

"பெரியம்மா, மெதுவாப் பேசுங்க. அது கிளினிக் மருந்தே இல்ல."

"பின்ன?"

"காசு குடுத்து வாங்குறது. உறை மட்டுந்தான் கிளினிக்கோடது. விலை தெரிஞ்சா மாமி குடிக்க மாட்டாங்க."

"அடியே! குடிக்கிற ஆளுக்கே விலை தெரியாதா? எனக்கு யாராவது இப்படி மறைச்சா நான் சும்மா விடுவேனா? எவ்வளவு?"

சொல்வதா, வேண்டாமா? சொல்லாவிட்டால் நம்பவும் மாட்டார்.

"மாசத்துக்குப் பதினோராயிரம்."

பெரியம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை மடியில் வைத்து நீவினார்.

"அந்தப் புள்ளைய அநியாயமா ஏசிப்புட்டேன். நாளைக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும்."

"மாமிகிட்ட சொல்லிறாதீங்க பெரியம்மா."

"சொல்லுவேனா? நீ கெட்டிக்காரி புள்ள."

பாராட்டினாரா, குத்தினாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கீழே ரோட்டில் ஆட்டோ வந்து நின்றது. அவருடைய மகன் சுதேஷ் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான்.

"அம்மா, வெளியில வாங்கச் சொல்லித் துண்டு குடுத்தாங்களாமே? தாங்க. டவுனுக்குத்தான் போறேன், வாங்கிட்டு வந்துர்றேன்."

துண்டு அதற்குள் பெரியம்மாவின் இடுப்புச் செருகலுக்குள் போயிருந்தது.

"அதெல்லாம் வேணாம்ப்பா. கிளினிக்லயே குடுத்துட்டாங்க."

"காலையில இல்லேன்னு சண்ட போட்டீங்களாம்?"

"அது காலையில. பொறகு வந்திருச்சு."

சுதேஷ் தாயின் முகத்தையே பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்படியா அக்கா?"

நான் சின்னவனை மற்ற இடுப்புக்கு மாற்றினேன்.

பெரியம்மா எழுந்திருக்கிற சாக்கில் என் கையைப் பிடித்தார். விடவில்லை.

"சொல்லு தாயி. உங்க மாமிக்குச் சும்மா குடுக்கிற மருந்துதானே அது? எனக்கும் குடுத்துட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லிரும்மா."