சேர்ந்தது அறுபது, முடித்தது அறுபது

ஆறாம் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் அரசு ஒரு கணிப்பு அனுப்பும். பிள்ளை எட்டாவதை முடிக்குமா, நடுவில் நின்றுவிடுமா என்று அதில் இருக்கும். சென்னையின் மற்ற பள்ளிகள் அதைப் பார்த்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தன. வியாசர்பாடியில் தனி அனுமதியோடு நடந்த அரசு நடுநிலைப் பள்ளி மட்டும் குலுக்கல் போட்டுச் சேர்த்தது. தலைமையாசிரியை ஜெசிந்தா, கணிப்பு வந்த உறையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மூன்று வருடம் கழித்து, பள்ளியைப் பற்றி அறிக்கை எழுத வந்த அதிகாரி தணிகாசலம் அந்த உறையைப் பிரித்தார். படித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், அறுபது பேர்ல நாப்பத்தோரு பேர் நின்னுடுவாங்கன்னு போட்டிருக்கு. இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"அறுபதும் உள்ள கடைசிப் பரீட்சை எழுதிட்டிருக்கு சார்."

சொல்லிவிட்டு ஜெசிந்தா வகுப்புப் பக்கம் பார்த்தார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிவந்த காலைகள் எத்தனையோ.

"அந்த நாப்பத்தோரு பேரையும் போட்டோவோட அறிக்கையில போடலாம் மேடம். ஊரே உங்களக் கொண்டாடும்."

அவர் நீட்டிய பட்டியலைப் பார்த்துவிட ஜெசிந்தாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் கை நீட்டவில்லை.

"வேணாம் சார். ஒன்பதாவது சேரப் போற இடத்துல அந்தப் பட்டியல்தான் அவங்களுக்கு முன்னால போய் நிக்கும். சேர்ந்தது அறுபது, முடிச்சது அறுபதுன்னு எழுதுங்க, போதும்."

"அப்படி எழுதுனா எல்லாப் பள்ளிக்கூடம் மாதிரிதானே தெரியும்?"

"தெரியட்டும் சார். எம்புள்ளைங்களும் எல்லாப் புள்ளைங்க மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து, விடைத்தாள் வாங்க வகுப்புக்கு நடந்தார்.